இருபது பேருக்கு ஒரு நோயாளி

உப்புவெளியைக் கடந்து நடந்துகொண்டிருந்தபோது குச்சவெளி பஸ் பின்னால் வந்து வேகத்தைக் குறைத்தது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி, ஏறுகிறேனா என்று கையால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் யோசனை வரும். நடந்தால் வெயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டு போகலாம்.

தோளில் ஒரு பை. அதில் இரண்டு சாரம், மூன்று சேர்ட், அடையாள அட்டை. பயிற்சி நிலையத்தில் தந்த வெள்ளை மேற்சட்டையை மடித்து அங்கேயே மேசையில் வைத்துவிட்டேன்.

ஓர் இடத்தை விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வவுனியாவில் சீமெந்துக் கல் அரிந்தேன். புத்தளத்தில் தோட்டங்களில் வெங்காயம் கிண்டினேன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் சட்டி கழுவினேன். கடைசியாகத் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மூட்டை சுமந்தேன். எங்கேயிருந்தும் சொல்லாமல்தான் போவேன். இந்த முறை மட்டும் ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஆளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

திருகோணமலை லிங்கநகரில் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். நான் வாடகைக்கு இருந்த அறைக்கு முன்வீட்டில் ஒரு பெரியவர் படுக்கையில் கிடந்தார். ஒரு காலத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது, பேச்சும் போனது. ஒரே மகன் கனடாவில். பெரியவரைப் பார்த்துக்கொண்டது அக்காதான். காலை ஆறு மணிக்கு வருவார், பின்னேரம் ஆறு மணிக்குப் போவார்.

கட்டையான, மெலிந்த ஆள். பெரியவர் நல்ல பாரம். ஆனால் ஒரு நாளும் அவரைத் திருப்ப என்னை உதவிக்குக் கூப்பிட்டதில்லை. முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்குவார். பிறகு சொல்லுவார்:

“ஐயா, இப்ப உங்களை இடப்பக்கம் திருப்பப் போறன். முதல்ல முழங்காலை மடிக்கிறன்.”

மடித்துவிட்டு அடுத்ததைச் சொல்லுவார். இப்போது தோளைப் பிடிக்கிறேன், இப்போது துணியை இழுக்கிறேன், இப்போது கொஞ்சம் குளிரும். நாளுக்கு எட்டுத் தடவை திருப்பினால் எட்டுத் தடவையும் சொல்லுவார். பெரியவர் கூரையைப் பார்த்தபடி கிடப்பார். அவருக்கு ஒன்றும் விளங்காதே, பிறகு ஏன் சொல்லுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

“விளங்குதோ இல்லையோ, அவரின்ர உடம்பெல்லோ தம்பி” என்றார்.

பெரியவர் செத்த அன்று காலையில் குளிப்பாட்டியதும் அவர்தான். அப்போதும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித்தான் செய்தார். வாசலில் நின்ற சொந்தக்காரர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா அதைக் கவனிக்கவில்லை. முதுகைத் துடைத்து முடித்து, சேர்ட் போடப்போகிறேன் என்று பெரியவரிடம் சொன்னார்.

வேலையில் இப்படி இருந்த ஆள், கடதாசிகளிலும் இப்படித்தான் இருந்தார்.

அவர் வீடு அடுத்த ஒழுங்கையில். ஒரு அறையும் குசினியும். அவரும் மகளும். அங்கிருந்த அலுமாரிக் கதவின் உட்பக்கம் முழுக்கப் பத்திரிகை விளம்பரங்கள் ஒட்டியிருந்தன. தாதியர் உதவியாளர், முதியோர் பராமரிப்பு, சிறுவர் இல்லப் பணியாளர் என்று ஒவ்வொரு பாடநெறிக்கும் கேட்கிற தகைமைகள். நிறைவேறியதற்கு நேரே பென்சிலால் ஒரு சரி அடையாளம். பேனையால் போடமாட்டார். அடுத்த வருடம் மாற்றினாலும் மாற்றுவார்கள் என்பார்.

சான்றிதழ் இல்லாதவரை அவர் வீட்டு வேலைக்காரிதான். அவர் பார்க்கிற நோயாளிகள் செத்துப்போவார்கள். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் இன்னொரு வீடு தேடிப் படியேற வேண்டும். புதிதாகத் திறந்த முதியோர் இல்லத்தில் கேட்டபோது, அனுபவம் போதும், சான்றிதழைக் கொண்டுவாருங்கள் என்றார்களாம். அதற்குப் பிறகு அவருக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை. கேட்டதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தால் கதவைத் திறந்துதான் ஆகவேண்டும் என்று நம்பினார். இந்த நம்பிக்கைதான் அவருடைய குணம். வேறு குணங்களும் இருந்திருக்கும், எனக்கு ஞாபகத்தில் நிற்பது இது ஒன்றுதான்.

சாதாரண தரச் சோதனையில் கணிதம் பாஸாகியிருக்க வேண்டும் என்று ஒரு விளம்பரம் சொன்னது. பெரியவர் நித்திரையாக இருக்கிற நேரம் பார்த்துப் படித்தார். மூன்று வருடம் தொடர்ந்து சோதனை எடுத்தார். முதல் முறை மண்டப வாசலில் நின்ற ஆசிரியர், பிள்ளையை விட்டுவிட்டு வெளியே நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அனுமதி அட்டையைக் காட்டினாராம். மூன்றாம் முறை சாதாரண சித்தி கிடைத்தது. அன்று ஒழுங்கை முழுக்கச் சர்க்கரைப் பொங்கல்.

ஈரல் அழற்சி ஊசி போட்டிருக்க வேண்டும் என்று இன்னொன்று சொன்னது. ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி. நாள் தப்பாமல் போட்டு அட்டை எடுத்தார். பொலிஸ் நற்சான்று, கிராம சேவகரின் கடிதம் எல்லாம் பொலித்தீன் உறையில் வரிசையாக இருந்தன. நான்கு அடி பத்து அங்குலம் உயரம் வேண்டும் என்று ஒருமுறை ஒரு விளம்பரம் வந்தது. கதவு நிலையில் அவரை நிறுத்தி நான்தான் பென்சிலால் கோடு போட்டேன். அரை அங்குலம் காணாது. கொண்டை போட்டால் கணக்கில் எடுப்பார்களோ என்று கேட்டார். பகிடிதான் என்று நினைத்தேன். அடுத்த நாளிலிருந்து ஒரு மாதம் காலையில் வேப்பங்கொப்பில் தொங்கினார். யாரோ சொன்னார்களாம், உடம்பு இழுபடும் என்று. இழுபடவில்லை.

பெரியவர் செத்து இரண்டு மாதத்தில் கடைசி விளம்பரம் வந்தது. பராமரிப்பு உதவியாளர் பாடநெறி, ஆறு மாதம், திருகோணமலையிலேயே. அவருடைய அத்தனை வருடக் காத்திருப்பும் அதில் இருந்தது. ஆனால் இந்த முறை கணிதம் கேட்கவில்லை. உயரமும் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் போதும். வயது பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை. அக்காவின் அடையாள அட்டைப்படி வயது முப்பத்தேழு.

கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஐந்து வருட அனுபவத்தை எழுத்தில் நிரூபித்தால் வயதெல்லை தளர்த்தப்படலாம். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். கனடாவிலிருக்கும் மகனிடம் ஒரு கடிதம் கேட்டார். அவர் வாட்ஸப்பில் குரல் அனுப்பினார். என்ர அப்பாவைத் தெய்வம் மாதிரிப் பார்த்தனீங்கள் அக்கா என்று அழுகிற குரல். எழுத்தில் மட்டும் தரமாட்டாராம். எழுத்தில் கொடுத்தால் பிறகு தொழில் வழக்கு ஏதும் வருமோ என்று யாரோ பயப்படுத்தியிருக்கிறார்கள். அக்கா அந்தக் குரலைப் பயிற்சி நிலையத்தில் போட்டுக்காட்டினார். அங்கே பொறுப்பாக இருந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தாதி. எல்லோரும் மிஸ் என்போம். நல்ல மனுசி. முழுவதையும் கேட்டுவிட்டு, இதை நான் எப்படிக் கோவையில் மற்றக் கடதாசிகளோடு கோர்த்து வைக்கிறது என்று கேட்டாராம்.

அதற்கு மேல் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. இருபது பேர் சேர்ந்தால்தான் வகுப்பு. முதல் மாதத்துக்குள் ஒரு ஆள் குறைந்தாலும் மூடிவிட்டு, மிச்சப் பேரை மட்டக்களப்புக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அக்காவை விட்டால் பதினாறு பேர்தான் விண்ணப்பித்திருந்தார்கள். அக்கா வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். மூன்று பெண்பிள்ளைகள் கிடைத்தார்கள். தன்னுடைய விண்ணப்பத்தை ஏற்பார்களோ தெரியாது, கணக்குக் குறையக்கூடாது என்று என்னிடம் வந்தார்.

எனக்கும் இதுக்கும் வெகுதூரம் என்றேன். ஒன்பதாம் வகுப்புப் படித்தீர்கள்தானே, அதுதான் தகைமை என்றார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என் படிவத்தைத் தானே பென்சிலால் நிரப்பத் தொடங்கினார். பிறந்த வருடத்தைச் சொன்னேன். பென்சில் நின்றது.

“அப்ப நீங்கள் எனக்கு அண்ணா” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் சொன்னார்.

ஊர் ஈச்சிலம்பற்றுப் பக்கம், இலங்கைத்துறை. சண்டை மூண்ட காலத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கலியாணம் கட்டியவர்களை விட்டுவிடுவார்கள் என்று ஒரு கதை இருந்தது. அவருக்கு அப்போது வயது பதினான்கு. பதினெட்டு இல்லாமல் கலியாணத்தைப் பதிய முடியாது. இடம்பெயர்ந்து இருந்த முகாமில் பிறப்புப் பதிவு தொலைந்தவர்களுக்கு, தாய் தகப்பன் சொல்லுகிற வயதை வைத்து உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுத்தார்கள். தாய் போய் நாலு வயதைக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்தார். மாப்பிள்ளைக்கும் இருபதுதான், கடற்தொழில். மகள் பிறந்து மூன்றாம் மாதம் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

“அம்மா என்னைக் காப்பாத்தத்தான் செய்தவ. நான் பிழை சொல்லேல்லை” என்றார். பிறகு படிவத்தைத் திருப்பி, “சரி, தகப்பன்ர பேரைச் சொல்லுங்கோ” என்றார்.

ஒரு வருடமாக உங்களை அக்கா என்று கூப்பிட்டுவிட்டேனே என்றேன்.

“கடதாசியில நான்தான் மூப்பு. கடதாசிப்படியே போவம் தம்பி.”

பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை.

நான் விலகினால் அந்த இடம் அவருக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு மிஸ்ஸிடம் போனேன். அப்படி இல்லை என்று விளங்கப்படுத்தினார். வயது சரியானவர்களில் இருந்துதான் எடுக்கலாம், வேறு ஆளும் இல்லை. உண்மையான வயதை நீதிமன்றத்தில் சொல்லித் திருத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள், அடுத்த பிரிவில் நானே முன்னுக்கு நின்று எடுப்பேன் என்றார். அவர் மனதார அப்படிச் சொன்னார்.

அக்கா அதை யோசிக்காமல் இல்லை. வயதைத் திருத்தினால் கலியாணம் நடந்தபோது பதினான்கு என்று வரும். அந்தக் கலியாணம் சட்டப்படி செல்லாது. மகளின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஓம் என்று இருக்கிறது. பிள்ளை அந்த வருடம் சாதாரண தரம் எடுக்கப்போகிறது, இனி அது போகிற இடமெல்லாம் அந்தச் சான்றிதழைத்தான் நீட்ட வேண்டும்.

“அந்த ஓமை இல்லை எண்டு மாத்த நான் போய்க் கையெழுத்து வைக்கேலாது” என்றார்.

கச்சேரி அலுவலகப் பக்கம் ஒருவர் இருக்கிறார், நீதிமன்றம் போகாமலே அடையாள அட்டையில் வருடத்தை மட்டும் மாற்றித் தருவார் என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

“ஒரு பொய் வயசோடயே இந்தப் பாடு படுறன். இன்னொண்டை எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. நீங்கள் போங்கள் என்று என்னிடம் சொன்னார். போய், அன்றன்று படிப்பித்ததைப் பின்னேரம் வந்து தனக்குச் சொல்லச் சொன்னார்.

போனேன். பதினொரு நாள் போனேன். வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். மற்றவர்கள் எல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்பிள்ளைகள். எனக்கு அங்கிள் என்று பெயர் வைத்தார்கள். பின்னேரங்களில் அக்காவின் குசினி வாசலில் இருந்து கொப்பியைப் பார்த்து வாசிப்பேன். காய்ச்சல் அளப்பது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, மருந்து நேரம். அவர் தேங்காய் திருவிக்கொண்டே கேட்பார். ஓம், ஓம் என்பார். நான் பிழையாக எழுதியதைத் திருத்துவார். ஒரு நாள் மிஸ் பிழையாகச் சொன்னதையும் திருத்தினார். தனக்குத் தெரியாதது ஒன்றும் இதுவரைக்கும் வரவில்லை என்று அவர் கண்டுபிடித்தது அந்த நாட்களில்தான். அவர் முகம் அப்போது வாடிய மாதிரி அதற்கு முன் வாடி நான் பார்க்கவில்லை.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை, என் வாய்தான்.

செய்முறைப் பாடத்துக்குப் பொம்மை இல்லை. இருந்த ஒன்றின் இடுப்புக் கழன்றுவிட்டது. மாணவிகள் ஒருவருக்கொருவர் நோயாளியாகப் படுக்க வெட்கப்பட்டார்கள். யாராவது பொறுமையான ஆள் கிடைத்தால் நல்லது என்று மிஸ் சொன்னார். நான் எழும்பி அக்காவைச் சொன்னேன். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் அவருக்குத் தெரிந்ததை மிஸ் கண்ணால் பார்ப்பார், பிறகு எப்படி விடுவார் என்று என் கணக்கு. மிஸ்ஸுக்கும் சந்தோசம்.

“நோயாளியாப் படுக்கிறதுக்கு வயதெல்லை இல்லைதானே” என்றார், ஆறுதலாகச் சொல்லுகிற குரலில்.

அக்காவிடம் சொன்னேன். அடுத்த நாள் வெள்ளை நிறத்தில் கரை போட்ட சீலை உடுத்து, தலையை இழுத்துப் பின்னி, நேரத்துக்கு முன்னமே வாசலில் வந்து நின்றார். பொலித்தீன் உறையும் கையில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் வைத்துவிட்டு வந்து படுத்தார்.

பாரிசவாத நோயாளியைத் திருப்புகிற பாடம். முதலில் வந்த பிள்ளை முழங்காலைப் பிடித்தபோது அக்கா தன்னையறியாமல் காலை மடித்துக் கொடுத்துவிட்டார்.

“அக்கா, நீங்கள் உதவி செய்யக்கூடாது” என்றார் மிஸ். “வருத்தக்காரர் மாதிரியே கிடவுங்கோ. கதைக்கவும் கூடாது.”

சொன்னதை அப்படியே செய்தார். பிடித்தால் பிடித்த இடத்தில் கை, விட்டால் விட்ட இடத்தில் கால். ஒரு பிள்ளை திருப்பும்போது அவருடைய வலக்கை கட்டிலின் இரும்பில் போய் அடித்தது. சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவர் கையை இழுக்கவில்லை. முகமும் சுளிக்கவில்லை. பாரிசவாதக்காரர் இழுக்கமாட்டார்.

பத்தொன்பது பேர் திருப்பினார்கள். ஒருவராவது திருப்பப்போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. கொப்பியில் அது இல்லை. சிரித்துக்கொண்டே பிடித்தார்கள், ஒருத்தி சீலையை விலக்கிவிட்டு மறைக்காமல் போனாள். அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

இருபதாவதாக நான் போனேன். உள்ளங்கைகளைத் தேய்த்தேன். “அக்கா, இப்ப உங்களை இடப்பக்கம் திருப்பப் போறன். முதல்ல முழங்காலை மடிக்கிறன்” என்றேன். பின்னால் சிரிப்பு எழும்பியது. சீலையைச் சரிசெய்தேன், மடித்தேன், தோளைப் பிடித்தேன், திருப்பினேன். அவர் உடம்பு முழுப் பாரத்தையும் என் கையில் விட்டிருந்தது.

மிஸ் கைதட்டினார். இதுதான் முறை, எல்லோரும் பாருங்கள் என்றார். எங்கே பழகினீர்கள் என்று கேட்டார்.

“இவவிட்டத்தான்” என்று கட்டிலைக் காட்டினேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். அங்கிள் பகிடி விடுகிறார் என்று நினைத்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. கதைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

பாடம் முடிந்து விறாந்தையில் நின்று தண்ணீர் குடித்தார். மணிக்கட்டு கறுத்து வீங்கியிருந்தது. நன்றாகத் திருப்பினீர்கள், தலகணியை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைக்க மறந்துவிட்டீர்கள் என்றார். புதன்கிழமை படுக்கையில் குளிப்பாட்டுகிற பாடமாம், மிஸ் தன்னை வரச்சொல்லியிருக்கிறார், வருவேன் என்று சொல்லிவிட்டேன் என்றார்.

நான் இனி வரமாட்டேன் என்று சொன்னேன்.

“நீங்கள் போனால் பத்தொன்பது” என்றார். “மூடிப்போடுவினம்.”

தெரியும் என்றேன்.

“பெட்டையள் மட்டக்களப்புக்குப் போகாதுகள். வீட்டில விடமாட்டினம்.” மிச்சத் தண்ணீரை மணிக்கட்டில் ஊற்றினார். “எனக்கும் பிறகு உள்ள போக வழியில்லைத் தம்பி. படுக்கிறதெண்டாலும் உள்ளதான் படுக்கிறன்.”

ஒரு மாதம், அதுவும் வேண்டாம், இன்னும் பத்தொன்பது நாள் போயிருந்தால் போதும். அதற்குப் பிறகு யார் விலகினாலும் மூடமாட்டார்கள். அது எனக்கு அப்போதும் தெரியும். புதன்கிழமை அந்தக் கட்டிலைச் சுற்றி வாளியோடும் துணியோடும் நிற்கிற இருபது பேரில் ஒருவனாக நிற்க என்னால் ஏலாது என்று மட்டும் நினைத்தேன். உள்ளே போய் மேற்சட்டையை மேசையில் வைத்தேன். திரும்பி வந்தபோது விறாந்தையில் அவர் இல்லை. கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் பொலித்தீன் உறையும் இல்லை.

அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். வகுப்பை மூடினார்களோ, யாரையாவது பிடித்துக் கணக்கைச் சரிசெய்தார்களோ எனக்குத் தெரியாது. லிங்கநகர் ஆட்கள் இரண்டொரு பேரைப் பிறகு வேறு ஊர்களில் சந்தித்தேன். விசாரிக்கவில்லை.

நிலாவெளி வரைக்கும் நடந்தேன். பிறகு ஒரு உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் குச்சவெளிக்குக் கிட்ட இறக்கிவிட்டார்கள். விடிந்ததும் கடலோரத்து உப்பளம் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். முந்தின நாள் நடையில் குதிக்காலில் தோல் உரிந்து, செருப்போடு ஒட்டிக் கிடந்தது. மேற்பார்வைக்காரர் தொப்பியைச் சரித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பெயர் கேட்கவில்லை. படிப்புக் கேட்கவில்லை. வயதும் கேட்கவில்லை.

“காலில புண் ஏதும் இருக்கோ?” என்று மட்டும் கேட்டார். “புண் இருந்தால் இறக்கமாட்டன்.”

“இல்லை” என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உப்புத் தண்ணிக்குள் இறங்கினேன்.